மீட்டர் கத்தவில்லை

மாமா ஒரு கையால் சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேசை மேலிருந்த விளையாட்டு ரயில் தண்டவாளத்தை அப்படியே வழித்துத் தள்ளப் போனார். அவள் குறுக்கே போய் நின்றாள்.

“தொடாதீங்க.”

“கீழ வண்டி வந்து நிக்குது. நடையை அடைச்சிட்டு இந்த மேசை இருந்தா பெட்டியை எப்படித் திருப்புறது? உங்க சித்தியை என்ன, ஜன்னல் வழியாவா இறக்குறது?”

“மேசையை நகத்துங்க. சாக்குல ஏன் அள்ளுறீங்க?”

“பின்ன இதையெல்லாம் யாரு கட்டிக் காப்பாத்துறது? நீயா?”

உள்ளறையில் சித்தி கிடந்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாள். அம்மா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, தங்கையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த வீட்டில் நல்ல வெளிச்சம் விழுவது நடை ஜன்னலில் மட்டும்தான். அதனால் சித்தி அங்கே மேசை போட்டிருந்தாள். அதே மேசையின் மறு ஓரத்தில் உட்கார்ந்துதான் இவள் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டத்தைப் படித்து முடித்தாள். ரயில் வேலையை இவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சித்தி எஞ்சின்களோடு பேசுவாள், அது இவள் காதில் விழும், அவ்வளவுதான்.

பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்குத் திருகு மாட்டிவிட்டு வருவாள் சித்தி. வந்ததும் பழைய விளையாட்டு ரயில் எஞ்சின் ஒன்றைத் திறந்து, அதற்குள் விரல்நகம் அளவுள்ள டிகோடர் சில்லைப் பொருத்த உட்காருவாள். பழைய எஞ்சினுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. தண்டவாளத்தில் கரண்ட் வந்தால் போதும், எல்லாம் மந்தை மாதிரி சேர்ந்து ஓடும். டிகோடர் வைத்தது அப்படியில்லை. காலடியில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தாலும் பேசாமல் நிற்கும். தன் எண்ணைக் கூப்பிட்டால்தான் கிளம்பும். பெண் பார்க்க வந்த அத்தனை பேரையும் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பியவளுக்கு இந்த வேலை பிடித்துப்போனதில் அதிசயம் என்ன இருக்கிறது?

“கொஞ்ச நாளா அவ புத்தி அவகிட்ட இல்ல,” என்றார் மாமா. “என்னையே பாத்து ‘டாக்டர், எப்ப வந்தீங்க’ன்னா. அடுப்பை அணைக்க மறந்தா. வீட்டையே கொளுத்திடுவாளோன்னுதான் சால்டரிங் கம்பியை அலமாரியில வச்சுப் பூட்டினேன்.”

“பூட்டி?”

அந்த அலமாரி மாமாவின் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. பூட்டு பூட்டியபடியே தொங்கியது. கதவின் கீல்களில் ஒரு திருகு கூட இல்லை.

சுவரோரம் நின்றிருந்த பஸ் டிரைவர் சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தார். மேசை மேலிருந்த கறுப்பு எஞ்சின் அவருடையது. சிறுவயதிலிருந்து வைத்திருந்ததை டிகோடர் வைக்கச் சொல்லிச் சித்தியிடம் கொடுத்திருந்தார். சாவு வீட்டில் அதைக் கேட்கக் கூச்சப்பட்டு வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தார். மாமாவே அதை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“கொண்டு போயிடுங்க. என்னத்தைப் பண்ணி வச்சிருக்காளோ. மனசுல வச்சுக்காதீங்க.”

“தங்கச்சி கை வச்சது வீணாப் போகுமா?” டிரைவர் எஞ்சினை இரண்டு கையாலும் வாங்கினார். “இங்கயே ஒருதரம் ஓட்டிப் பாத்துடறேனே.”

“வைக்காதீங்க!”

அவள் போட்ட சத்தத்தில் உள்ளே அம்மாவின் கை நின்றுபோனது.

பழைய எஞ்சினில் மோட்டாரின் ஒரு பக்கம் இரும்பு உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். டிகோடர் வைக்கும்போது அந்தத் தொடர்பை அடியோடு அறுக்க வேண்டும். எங்காவது துளி ஒட்டியிருந்தாலும், தண்டவாளத்தில் வைத்த அந்த நொடியே டிகோடர் கருகிவிடும். புத்தி தெளிவாக இருப்பவர்களே தவறவிடுகிற இடம் இது. சித்தியோ கடைசி நாட்களில் சாப்பிட்டதையே மறந்து மறுபடி தட்டோடு வந்து உட்கார்ந்தவள்.

கருகினால் மாமா சொன்னதுதான் நிலைக்கும். இனி எந்த விசேஷத்திலும் சித்தியின் பேச்சு வந்தால், புத்தி கெட்டுப் பொம்மையைப் புகைத்தவள் என்றுதான் முடிப்பார்கள்.

அவள் மேசையிலிருந்து கரண்ட் சோதிக்கும் மீட்டரை எடுத்தாள். ஒரு முனையைச் சக்கரத்திலும் மறுமுனையை மோட்டாரிலும் வைத்தாள். ஒட்டியிருந்தால் மீட்டர் கத்தும்.

கத்தவில்லை.

மீட்டரே செத்துவிட்டதோ என்று இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாள். கீச்சென்று கத்தியது. மறுபடி எஞ்சினில் வைத்தாள். எல்லாச் சக்கரத்திலும், மோட்டாரின் இரண்டு பக்கத்திலும். சத்தமே இல்லை. புரட்டிப் பார்த்தாள். மோட்டாரைப் பிடித்திருந்த இரும்புத் திருகு இருந்த இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் திருகு. நீட்டிக்கொண்டிருந்த முனையைச் சித்தி நறுக்கித் தேய்த்தும் விட்டிருந்தாள்.

“இப்ப வைங்க,” என்றாள்.

டிரைவர் வைத்தார். புகையில்லை. கன்ட்ரோலரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“அம்பத்தெட்டுன்னு நம்பர் வச்சுத் தர்றதாச் சொல்லுச்சு. என் பஸ் நம்பர்.” அவர் ஐம்பத்தெட்டை அழுத்தி, குமிழைத் திருகினார்.

எஞ்சின் அசையவில்லை. இன்னும் திருகினார். ம்ஹூம்.

“விட்டுடும்மா,” என்றார் மாமா. குரலில் எகத்தாளம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “பாவம், அவளால முடிஞ்சதைப் பண்ணியிருக்கா.”

“பாவம்னு சொல்லாதீங்க மாமா.”

“நான் என்னடி தப்பாச் சொல்லிட்டேன்?”

அவளுக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. எஞ்சின் மேல், ஐம்பத்தெட்டின் மேல், உள்ளே வாய் மூடிக் கிடந்தவள் மேல். எத்தனை தடவை இந்த மேசையில் பரீட்சைக்குப் படிக்க விடாமல் தொணதொணத்திருப்பாள்! ‘பொறக்கறப்ப எல்லாத்துக்கும் மூணுதான் பேரு. சொந்தக்காரர் வந்து நிக்கட்டும், அவர் முன்னாடி வேற பேரு வச்சுக்கலாம். என்னடா, அவசரமா உனக்கு?’

எஞ்சினின் சொந்தக்காரர் இன்றைக்குத்தான் வந்து நிற்கிறார்.

அவள் கன்ட்ரோலரைத் தன் பக்கம் இழுத்து மூன்றை அழுத்தினாள்.

முன்விளக்கு எரிந்தது. குமிழை மயிரிழை திருகினாள். எஞ்சின் கிளம்பியது. உதறவில்லை, துள்ளவில்லை. சக்கரத்தின் ஆரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க முடிகிற நிதானத்தில் வளைவைப் பிடித்தது.

“இவ்வளவு மெதுவா இது போனதே இல்லம்மா,” என்றார் டிரைவர். “ஒண்ணு பாயும், இல்ல நிக்கும். அப்படித்தான் இதை எனக்குத் தெரியும்.”

அம்மா உள்ளறை வாசலுக்கு வந்து நின்றாள். எஞ்சின் ஒரு சுற்று முடித்து அடுத்ததைத் தொடங்கியது.

கீழேயிருந்து ஆட்கள் மேலே வந்தார்கள். “மேசையை எடுக்கணுமே,” என்றான் முன்னால் வந்தவன்.

டிரைவர் குமிழுக்குக் கை நீட்டினார். “நிறுத்திடட்டுமா?”

மாமா சாக்கை நான்காக மடித்துக் கக்கத்தில் செருகிக்கொண்டார்.

“ஓடட்டும்,” என்றார். “ஆளுக்கு ஒரு மூலை பிடிங்கப்பா. சாய்ச்சிடாதீங்க. மெதுவா. மெதுவான்னா மெதுவா.”

நான்கு பேர் மேசையைத் தூக்கினார்கள். மாமா கரண்ட் ஒயரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது எங்கும் இழுபடாமல், பின்னாலேயே நடந்தார்.