திறந்து வைத்த மூலை

மரக்காணம் உப்பளத்தை ஒட்டி ஒரு ஏக்கர் சவுக்குத் தோப்பு வாங்கியதிலிருந்து என் கணவர் மேத்யூ ஜமீன்தார் ஆகிவிட்டார். புதுச்சேரியில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் "நம்ம காடு" என்றுதான் பேச்சு. லீவு நாளில் டென்ட் அடிக்கலாம், ரோடு அகலமானால் விலை மூன்று மடங்கு ஏறும் என்பார்.

வேலி போட்ட அன்று, உப்பளத்தில் வேலை செய்யும் வைஜெயந்தி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அக்கா, அந்த மூலைய மட்டும் அடைக்காம உடுங்க. உப்பளத்துல ஒதுங்க ஒரு செடி மறைவுகூட கெடையாது. பொம்பளைங்க நாங்க இங்கதான் வர்றோம்."

"தாராளமா வாங்க. திறந்தே இருக்கும்" என்று வாக்குக் கொடுத்தேன்.

மேத்யூவிடம் காரணத்தைச் சொல்ல எனக்குக் கூச்சம். ஆட்கள் நடக்கிற வழி என்று மட்டும் சொன்னேன். அவரும் பெரிய மனசோடு தலையாட்டினார்.

கொஞ்ச நாளில் யாரோ நாலைந்து மரங்களை வெட்டிக்கொண்டு போனார்கள். மேத்யூ சோலார் கேமரா ஒன்று வாங்கி மாட்டினார். எங்கே மாட்டினார் என்று நான் கேட்கவே இல்லை. திருடன் திறந்திருக்கிற பக்கமாகத்தானே வருவான் என்று அவர் யோசித்திருக்கிறார்.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான். ஞாயிறு பூசை முடிந்து அவருடைய அண்ணன் ஆல்பர்ட் குடும்பத்தோடு வந்தபோது, இவர் போனை டிவியில் இணைத்தார்.

"நம்ம காட்ட லைவ்ல பாருண்ணே!"

சவுக்கு மரங்கள் ஆடின. தலையில் துணி கட்டிய ஒரு பெண் உள்ளே வந்தாள். வைஜெயந்தி. நாலு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை என்று நம்பி, புடவையில் கை வைத்தாள்.

நான் ஓடிப்போய் டிவியை மறைத்து நின்றேன். "ஆஃப் பண்ணுங்க!"

ஆல்பர்ட் சிரித்தார். "ஏம்பா, நல்ல ஷோதான் வச்சிருக்க!"

என் சேலையையே உருவிவிட்டதுபோல் கூசிப்போனேன். மேத்யூ போனில் எதை எதையோ தட்டி, அணைக்கவே நேரமானது.

அப்போதே காரை எடுத்தோம். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, ரோஸ்லின்" என்றார் வழியில். நான் பட்ட வெட்கத்துக்கு அவள் பலியாகிவிட்டாள்.

மேத்யூ கேமராவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வைஜெயந்தி வந்துவிட்டாள்.

"அது இன்னாக்கா? லைட்டுன்னுல்ல நெனச்சோம்."

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"கேமரா, வைஜெயந்தி."

அவள் மரத்தைப் பார்த்தாள். பிறகு அந்த மூலையைப் பார்த்தாள்.

"யார்னா பாத்தாங்களா?"

"எங்க வீட்டு ஆளுங்க" என்றேன். "மன்னிச்சிடு" என்று அவள் கையைப் பிடிக்கப் போனேன். தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"மத்தவங்ககிட்ட சொல்லிடாதீங்கக்கா. வயசுப் பொண்ணுங்க இருக்குதுங்க. தாங்காதுங்க."

தப்பு அவளுடையது போலக் கெஞ்சினாள். கெஞ்ச வேண்டிய நாங்கள் இரண்டு பேரும் மரம் மாதிரி நின்றோம்.

அடுத்த வாரம் நான் மட்டும் போனேன். திறந்தே இருக்கும் என்று வாக்குக் கொடுத்த மூலையை, வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டு, உப்பளப் பக்கமிருந்து அடைத்திருந்தார்கள்.