நடுவில் விட்ட இடம்

அரியலூர் கூட்ஸ் ஷெட்டில் இருபது வருஷம் மூட்டை தூக்கி, நாற்பத்தாறு வயதும் ஆன பிறகு, செல்லக்கண்ணுவை ஒரு ஆபீசர் முதல்முறையாக ‘நீங்க’ போட்டுப் பேசினார். “வாங்க செல்லக்கண்ணு, உட்காருங்க” என்றார். அந்த ‘ங்க’விலேயே பாதி ஆள் காலி. மீதிப் பாதியை நாற்காலி பார்த்துக்கொண்டது.

கூப்பிட்டவர் சிமெண்ட் ஆலையின் பர்சனல் ஆபீசர் கிருஷ்ணமூர்த்தி. ஆலையின் புட்பால் அணிக்கும் அவர்தான் செயலாளர். எண்பத்திரண்டாம் வருஷம் ஆலை நிர்வாகத்துக்குத் திடீரென்று ஒரு ஞானம் பிறந்தது. ஆட்டம் பார்க்கிற ஜனங்களின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று ‘ரசிகர் ஆலோசனைக் குழு’ ஒன்று போட்டார்கள். மொத்தம் ஐந்து பேர். டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்த காசிநாதன், ஆலை ஆபீசிலேயே வேலை பார்க்கிற மூன்று பேர், அப்புறம் கிழக்குக் கரைக்கு ஒரு ஆள் வேண்டுமே என்று செல்லக்கண்ணு.

கிழக்குக் கரை என்றால் ஆறு குளத்துக் கரை இல்லை. மைதானத்தை மட்டம் செய்தபோது வெட்டிய மண்ணைக் கிழக்கே கொட்டிவிட்டுப் போனார்கள், அந்த மேடுதான். நாற்காலி கிடையாது, பந்தல் கிடையாது. மைன்ஸில் சுண்ணாம்புக்கல் உடைக்கிறவர்களும், கூட்ஸ் ஷெட் ஆட்களும், கீழப்பழுவூர்ப் பக்கமிருந்து நடந்தே வருகிற விவசாயக் கூலிகளும் அங்கேதான் உட்காருவார்கள். மேற்கே ஷாமியானாவில் இருப்பவர்கள் கோல் விழுந்த பிறகு கை தட்டுவார்கள். கிழக்கே இருப்பவர்கள் கோல் விழும் முன்பே எழுந்து நின்றுவிடுவார்கள். மைதானத்தில் சத்தம் என்று ஒன்று இருந்தால் அது கிழக்கிலிருந்து வந்ததுதான்.

செல்லக்கண்ணு பதினைந்து வருஷமாக ஒரு ஆட்டம் விட்டதில்லை. ஐந்தாவது வரை படித்தவர், தமிழ் பேப்பர் படிப்பார். அதனால் கரையே சேர்ந்து அவரைத் தள்ளிவிட்டது. அவர் மனைவி வேம்புவின் தம்பி அங்கமுத்து மைன்ஸில்தான் வேலை செய்தான். தள்ளியதில் முதல் கை அவனுடையது. “மாமா, எங்க வாயி நீங்கதான். போயி பேசிட்டு வாங்க” என்றான்.

என்ன பேச வேண்டும் என்பதில் கரைக்குக் குழப்பமே இல்லை. வருஷா வருஷம் ஆலை நடத்துகிற கோப்பைப் போட்டியில் ஆட்டம் எப்போதும் ஐந்து மணிக்குத் தொடங்கும். மைன்ஸில் ஷிப்ட் நாலரைக்கு விடும். முகம் கூடக் கழுவாமல் லாரியில் ஏறினால் ஐந்துக்கு மைதானத்து ஓரம் வந்து குதித்துவிடலாம். இந்த வருஷம் திருச்சியிலிருந்து வருகிற விருந்தாளிகள் சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டுமாம், அதனால் மூன்றரைக்கே ஆட்டத்தைத் தொடங்கப் போகிறார்களாம் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. மூன்றரைக்குத் தொடங்கினால் லாரி வந்து சேரும்போது கோல் கம்பத்தைத்தான் பார்க்கலாம். மற்றது எப்படிப் போனாலும் போகட்டும், ஐந்து மணியை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று ஆளாளுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

முதல் கூட்டத்தில் செல்லக்கண்ணு பயந்துபோய் ஐந்து மணியைப் பற்றி வாயே திறக்கவில்லை. கரையில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று மட்டும் சொன்னார். ஒரே வாரத்தில் குழாய் வைத்த இரண்டு டிரம் வந்து இறங்கியது. கரையில் அன்று திருவிழாதான். அங்கமுத்து தாகம் இல்லாமலே நாலு டம்ளர் குடித்தான். சொன்னால் கேட்கிறார்கள் என்று செல்லக்கண்ணு வீட்டில் வந்து பெருமையடித்தார். வேம்பு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

“தண்ணி குடுக்கறதுல அவங்களுக்கு என்ன போவுது? வலிக்கிறதக் கேட்டுப் பாருங்க, அப்பத் தெரியும்.”

இரண்டாவது கூட்டத்துக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். உள்ளே நுழைந்ததும் கிளார்க் அழகேசன் தீர்மான நோட்டை நீட்டி, வந்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துக் கேட்டான். கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்து, அப்புறம் டீ, அப்புறம் பேச்சு. அங்கே அதுதான் வழக்கம். பக்கத்தின் உச்சியில் தேதி. அதன் கீழே கிருஷ்ணமூர்த்தியின் கையெழுத்து, பச்சை மசியில். அதையொட்டிக் காசிநாதனும் மற்ற மூன்று பேரும் நெருக்கமாகப் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு அடுத்த வரி காலியாகத்தான் இருந்தது.

செல்லக்கண்ணுவின் கை அந்த வரிக்குப் போகவில்லை. அவருடைய சொந்த ஊர் விக்கிரமங்கலம். ஊரில் திருவிழா நோட்டில் அவர்கள் தெருப் பெயர்கள் கடைசியில்தான் வரும், அதுவும் நடுவில் நாலு விரல் இடம் விட்டு. அப்படி விடு என்று யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். கூட்ஸ் ஷெட் கூலிப் பட்டியலிலும் மேஸ்திரிக்கு ஒட்டினாற்போல யாரும் கைநாட்டு வைக்க மாட்டார்கள். ஆபீசர் பச்சை மசியில் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில் நம்முடையதா என்று தோன்றியது. அதைக் கூச்சம் என்பதா, மரியாதை என்பதா, அவருக்கே தெரியாது. முக்கால் பக்கத்தை விட்டுவிட்டு, அடியில் வலது மூலையில், செ. செல்லக்கண்ணு என்று எழுத்துக் கூட்டிப் போட்டார். அழகேசன் நோட்டை வாங்கிக்கொண்டான்.

அன்று அவர் பேசினார். நன்றாகவே பேசினார். ஒரு வாரமாக மூட்டைக்கு அடியில் குனிந்தபடி மனப்பாடம் செய்த பேச்சு அது.

“சார், அஞ்சு மணிய மாத்திடாதீங்க. மூணரைன்னா மைன்ஸ் ஆளு ஒருத்தன்கூட பாக்க முடியாதுங்க. அவங்களுக்கு வருசத்துல இது ஒண்ணுதான் சார்.”

கிருஷ்ணமூர்த்தி கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார். நடுவில் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. கடைசியில், நல்ல பாயிண்ட் என்றும், பதிவு பண்ணிக்கொள்கிறோம் என்றும் சொன்னார். காசிநாதன் இன்னொரு டீ கேட்டார். கூட்டம் முடிந்தது.

பதிவு பண்ணிக்கொள்கிறோம் என்ற அந்தச் சொல்லைச் செல்லக்கண்ணு கூட்ஸ் ஷெட்டிலிருந்து வீடு வரை கண்டவரிடமெல்லாம் சொன்னார். பதிவு என்றால் பத்திரப் பதிவு மாதிரி, இனி யாரும் அழிக்க முடியாது என்று அங்கமுத்து அதற்கு விளக்கவுரை வேறு கொடுத்தான்.

பத்து நாள் கழித்து அந்த அங்கமுத்துவே ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டான். ரோஸ் கலர் தாள். ரசிகர் ஆலோசனைக் குழுவின் ஆலோசனைப்படி இவ்வாண்டு ஆட்டங்கள் அனைத்தும் மாலை மூன்றரை மணிக்குத் தொடங்கும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. செல்லக்கண்ணு இரண்டு தடவை படித்தார். அச்சில் தப்பு விழுந்திருக்கும் என்று அங்கமுத்துவிடம் சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டோடு நேராக ஆலை ஆபீசுக்கு நடந்தார்.

அழகேசன் மறைக்கவில்லை. நோட்டை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தான். மேலே ஐந்து கையெழுத்துகள். அடியில் மூலையில் அவருடையது. நடுவில் அவர் விட்டிருந்த இடம் முழுக்க அழகேசனின் குண்டு எழுத்து. பொதுமக்களின் வசதியை முன்னிட்டு ஆட்டங்களை மூன்றரை மணிக்குத் தொடங்கலாம் என இக்குழு ஆலோசனை கூறுகிறது. கூறுகிறது என்பதற்கு நேர் கீழே, வேறு எந்தப் பெயரும் இல்லாமல், செ. செல்லக்கண்ணு.

மற்றவர்கள் வந்ததற்குத்தான் சாட்சி. தீர்மானத்துக்கு அவர் ஒருவர்தான் சாட்சி. யார் பார்த்தாலும் இந்த யோசனையைச் சொன்னதே செல்லக்கண்ணு என்றுதான் நினைப்பார்கள்.

தான் பேசியது எங்கே என்று கேட்டார். அழகேசன் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். உச்சியில் ஒரே வரி இருந்தது. இதர கருத்துகளும் பேசப்பட்டன.

“நீங்க ஏண்ணே அவ்ளோ கீழ போயி போட்டீங்க?” என்றான் அழகேசன். கேலியாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான். “அவங்களுக்கு அடுத்தாப்ல போட வேண்டியதுதான? எடம் இருந்துச்சு, சார் எழுதச் சொன்னாரு, எழுதிட்டேன்.”

திட்டம் போட்டுச் செய்தார்களா, இடம் கிடந்தது என்று எழுதினார்களா, செல்லக்கண்ணுவுக்குக் கடைசி வரை தெரியவில்லை. அழகேசன் மேல் கோபம் வந்திருந்தால் தேவலை. கோபமெல்லாம் தன் கை மேல்தான் வந்தது. எண்பது கிலோ மூட்டையைத் தூக்கி எறிகிற கை, ஒரு வரி மேலே ஏற மாட்டேன் என்றுவிட்டதே. உள்ளே போய்க் கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்தார். அவர் வருத்தத்தோடுதான் பேசினார். நோட்டீஸ் போய்விட்டது, விருந்தாளிகளுக்கும் கடிதம் போய்விட்டது, அடுத்த வருஷம் அவசியம் பார்க்கலாம் என்றார். கையோடு குழு உறுப்பினருக்கான பேட்ஜையும் கொடுத்தார். மஞ்சள் ரிப்பன் வைத்தது.

நடந்ததை அங்கமுத்துவிடம் மறைத்திருக்கலாம், ஆபீசர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். செல்லக்கண்ணு மறைக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட்டார் என்பதையும், ஏன் அங்கே போட்டார் என்பதையும் சொன்னார். திட்டினால் நன்றாயிருக்கும் என்று செல்லக்கண்ணு காத்திருந்தார். அங்கமுத்து, “நானா இருந்தாலும் அங்கதான் மாமா போட்டிருப்பேன்” என்றான். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

கோப்பைப் போட்டி முழுதும் அப்படியே மூன்றரைக்கு நடந்தது. செல்லக்கண்ணு ஒரு ஆட்டத்துக்கும் போகவில்லை. மதியத்தோடு அவர் வேலை முடிந்துவிடும், போகலாம்தான், கால்தான் வரவில்லை. ஆலை அணி ஃபைனலுக்கு வந்துவிட்டது. அன்று காலை அங்கமுத்து வேலைக்குப் போகிற வழியில் வீட்டுக்கு வந்து, போகச் சொல்லி வற்புறுத்தினான். நம்மில் ஒருவராவது பார்க்க வேண்டும், சாயங்காலம் வந்து கேட்டுக்கொள்கிறேன் என்றான். அதற்கு மேல் தட்ட முடியவில்லை.

கிழக்கே தனியாக உட்கார மனம் வராமல் மேற்கே போனார். பேட்ஜ் இல்லாமல் ஷாமியானாவுக்குள் விடவில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்துக் குத்திக்கொண்டார். குழு உறுப்பினர்களுக்கென்று இரண்டாம் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். மெத்தை வைத்த நாற்காலி. எதிரே கிழக்குக் கரையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இரண்டு தண்ணீர் டிரம், நாலைந்து ஆடு, குடை பிடித்த ஒரு கிழவர், அவ்வளவுதான். பந்து காலில் படுகிற சத்தம் ஷாமியானா வரைக்கும் கேட்டது. பதினைந்து வருஷத்தில் அந்தச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை.

பக்கத்தில் கை தட்டினார்கள். அவரும் தட்டினார். மறுபடி தட்டினார்கள், மறுபடி தட்டினார். இடைவேளையில் கிருஷ்ணமூர்த்தி முன் வரிசையிலிருந்து திரும்பினார்.

“என்ன செல்லக்கண்ணு, நம்ம கிழக்குப் பக்கம் இந்தத் தடவ களையே இல்லையே? கூட்டம் ஏன் கொறஞ்சுதுன்னு அடுத்த மீட்டிங்ல பேசணும். நீங்கதான் அதுக்கு ஒரு ஆலோசனை சொல்லணும்.”

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. செல்லக்கண்ணுவுக்குள் ஆயிரம் வார்த்தை எழுந்து, அசதியில் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. சரிங்க சார் என்றார்.

ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது விசில் ஊதி ஆட்டம் முடிந்தது. கோப்பையைக் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், விருந்தாளிகள் ஜீப்பில் ஏறி ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஐந்து மணிக்கு லாரி வந்து நின்றது. மைன்ஸ் ஆட்கள் தலையிலிருந்து கால் வரை வெள்ளைத் தூசியோடு குதித்தார்கள். ஆட்டம் முடிந்தது தெரிந்தும் நேரே வீட்டுக்குப் போகாமல், கரையில் ஏறி அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். செல்லக்கண்ணு காலி மைதானத்தைக் குறுக்கே நடந்து அவர்களிடம் போனார்.

“செயிச்சமா மாமா?” என்று கேட்டான் அங்கமுத்து.

“செயிச்சோம். ரெண்டுக்கு ஒண்ணு.”

சின்னதாக ஒரு சத்தம் எழுந்தது. முப்பது பேர் நகர்ந்து அவரைச் சுற்றி நெருங்கிக்கொண்டார்கள். அங்கமுத்து சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“எப்படிப் போட்டான் கோலு? மொதல்லேருந்து சொல்லுங்க.”

செல்லக்கண்ணு வாயைத் திறந்தார். பந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, யார் காலில் பட்டது, தலையால் முட்டினானா, காலால் அடித்தானா, எதுவுமே நினைவில் இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தார். ஆடும் டிரம்மும் வெயிலும்தான் வந்தன.

“தெரியல மாப்ள” என்றார். “நான் ஆட்டத்தப் பாக்கல. இந்தக் கரையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

எதிரே ஷாமியானாவின் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கமுத்து தலையில் படிந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டான்.

“அப்ப நம்ம ஆட்டத்த யாருதான் மாமா பாத்தது?”