அறுப்புக் கட்டம்

"செத்ததா, அறுத்ததா? ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுண்ணே."

"ரெண்டுந்தேன்."

"ரெண்டையும் எழுத எடமில்ல. டாக்டரய்யா நோட்டுல நாலு கட்டந்தான் போட்டுக் குடுத்திருக்காரு. பிறப்பு, விற்பனை, அறுப்பு, சாவு. ஒரு ஆடு ஒரு கட்டத்துலதான் ஏறும்."

"அப்ப அறுப்புன்னு போடு. கத்தி வைக்கையில கண்ணு முழிச்சுத்தான இருந்துச்சு?"

"முழிச்சிருந்துச்சு. பாத்துச்சான்னு தெரியல" என்றாள் அழகி.

கருத்தையா கத்தியை மண்ணில் குத்திக் குத்தித் துடைத்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது. தங்கைக்குப் பதினாறு. அப்பா ரங்கூனுக்குக் கப்பலேறி நாலு வருஷமாகக் கடுதாசி இல்லை. ஆத்தா வயல் கூலிக்குப் போக, முப்பத்தோரு ஆடும் இவர்கள் இருவர் பாடுதான். அதில் பதினாலு கிடாயைக் காரைக்குடிச் சந்தைக்கென்று தனியாகத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதினாலில் முதல் கிடாய், செவலை, இப்போது பட்டி வாசலில் கழுத்தறுந்து கிடந்தது.

முந்தின நாள் சாயங்காலம் வரை அதற்கு ஒன்றுமில்லை. வற்றிய கண்மாய்க்குள் மேய்ந்துவிட்டு வந்து முட்டித் தள்ளிக்கொண்டு பட்டிக்குள் நுழைந்தது. விடியற்காலையில் பார்த்தால் வயிறு மத்தளம் மாதிரி உப்பி, நான்கு காலும் விறைத்து, மூக்கிலிருந்து கறுப்பாக ஒரு நூல் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. கருத்தையா ஓடிப்போய்க் கத்தியை வைத்தான். கழுத்திலிருந்து வந்த ரத்தமும் கறுப்புதான். மண்ணில் விழுந்தும் அது உறையாமல் விளக்கெண்ணெய் போலப் பரவியது.

கொத்தமங்கலத்துக்குத் தெற்கே இருந்த அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாய்ந்த ஆட்டின் மூச்சு அடங்குமுன் கத்தி விழுந்தால் அது அறுத்த கறி. அடங்கிய பிறகு விழுந்தால் செத்த கறி, நாய்கூடத் தெரு மாறிப் போகும். அதனால் ஆடு வைத்திருப்பவன் இடுப்பில் கத்தி இல்லாமல் படுக்கமாட்டான். எமன் முந்துகிறானா, இவன் முந்துகிறானா என்பதுதான் பேச்சு. இவன் முந்திவிட்டால் கறியைக் கூறு போட்டு வீட்டுக்கு வீடு பனையோலையில் கொடுத்தனுப்புவார்கள். ஆட்டுக்கு என்ன நோவு என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்பது மரியாதையில்லை.

நோட்டு கொடுத்தவருக்கு இந்த வழக்கம் தெரியாது. அவர் சர்க்கார் மாட்டு டாக்டர். தை மாசம் வண்டி கட்டிக்கொண்டு வந்தவர், சுற்று வட்டாரத்தில் எழுதத் தெரிந்த இளவட்டங்களாகப் பார்த்து ஆளுக்கொரு நோட்டும் முடிச்சுப் போட்ட அளவுக் கயிறும் கொடுத்தார். ஐந்து பேரில் அழகி ஒருத்திதான் பெண். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கிடாயின் நெஞ்சையும் கயிற்றால் சுற்றி, எத்தனை முடிச்சு என்று எழுத வேண்டும். "சாவுக் கட்டத்தில் ஒரு கோடு விழுந்தாலும் அன்றைக்கே எனக்கு ஆள் அனுப்பணும். நான் வந்து பார்த்த பிறகுதான் சந்தைச் சீட்டு" என்று சொல்லியிருந்தார். சீட்டில்லாத ஆட்டை மதுரை வியாபாரிகள் அந்த வருஷம் தொடுவதில்லை.

அழகிக்கு அந்த நோட்டு கட்டத்தோடு முடியவில்லை. ஓரத்தில் விரற்கடை அகலத்துக்கு வெள்ளை விட்டிருந்தது. அதில் அவள் பாட்டுக்கு எழுதுவாள். 'இன்று சுட்டி குட்டி போட்டது. குட்டி எழுந்து நிற்பதற்குள் நாலு தரம் விழுந்தது. வானம் பூராவும் கொக்கு.' எழுதிய பிறகுதான் அந்த நாள் நிஜமாகவே நடந்தது போல அவளுக்கு இருக்கும்.

"என்னடி கணக்கச்சி, எமனுக்கும் சேத்து எழுதிக்கிட்டு இருக்கியா?"

அத்தை மகன் சின்னக்கருப்பு வேலியைத் தாண்டி வந்தான். தோலுரிப்பதில் அவனை மிஞ்ச ஊரில் ஆளில்லை. முதல்நாள் கருவேல முள் வெட்டியதில் முன்கையெல்லாம் கீறல்.

"செவலையாடா மாப்ள? இதுக்கு என் தங்கச்சியவே கட்டிக் குடுத்திருக்கலாமே, அம்புட்டு சீராப் பாத்தியே."

"உனக்குத் தங்கச்சியே கெடையாதுடா."

"அதுனாலதான சொல்றேன்."

சிரித்துக்கொண்டே அவன் தோலை உரித்து, வயிற்றைக் கீறி, முழங்கை வரை கையை உள்ளே விட்டான். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. "மாப்ள, இங்க பாரு. சுவரொட்டி ரெண்டு மடங்கு இருக்கு. கறுத்துப்போயி, தொட்டாக் கூழாட்டம் வருது." அந்த மண்ணீரலை வழித்து வேலிக்கு அப்பால் எறிந்தான். "வெயில்ல வெந்துபோச்சுபோல. கறி நல்லாத்தான் இருக்கு."

அழகி அறுப்புக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். சாவுக் கட்டம் சுத்தமாக இருந்தது. ஓரத்தில் எழுதினாள்: 'செவலை. மூக்கில் ரத்தம். சின்னக்கருப்பு மச்சான் உரித்தார். சுவரொட்டி கறுத்து வீங்கியிருந்தது.' தேதியும் போட்டாள். செவ்வாய்க்கிழமை.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். காளையார்கோவில் பக்கம் போகிற வழி. வண்டியில் ஊசிப் பெட்டி இருந்தது. வேப்ப மரத்தடியில் நின்றபடியே நோட்டை வாங்காமல் எட்டிப் பார்த்தார். அழகி விரித்துப் பிடித்திருந்தாள். அவளுடைய கட்டைவிரல் ஓரத்து வெள்ளையின் மேல் இருந்தது. விரல் தானாக அங்கே போனதா, அவள்தான் வைத்தாளா என்று பிற்பாடு எத்தனையோ நாள் யோசித்தாள்.

"சாவு ஒன்றும் இல்லையே?"

"இல்லீங்கய்யா."

"அறுப்பு ஒன்று இருக்கிறதே. என்ன விசேஷம்?"

"ஐயனாருக்கு நேந்துவிட்டதுங்க" என்றான் கருத்தையா. அழகி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் டாக்டரின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் பதின்மூன்று கிடாய்க்குச் சீட்டு எழுதினார். நெஞ்சளவுகளைப் பார்த்து, "இந்தத் தாலுகாவிலேயே உன் நோட்டுதான் சுத்தம், அம்மா" என்றார்.

வண்டிமாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சின்னக்கருப்பு நின்றான். அவனுடைய வலது மணிக்கட்டில் ஒரு கொப்புளம். நடுவில் கரித்துண்டு வைத்தது மாதிரி கறுப்பு.

"என்ன மச்சான் இது?"

"முள்ளுப் பட்டது. வலியே இல்ல புள்ள. வலிச்சாத்தான நோவு?"

"டாக்டரய்யா கிட்டக் காட்டுங்க."

"அவரு மாட்டு டாக்டரு. என்னைய மாடுங்குறியா?"

அவள் சிரித்துவிட்டாள். வண்டி கிளம்பியது. சக்கரத்துப் புழுதி அடங்குகிறவரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் வெகுநேரம் போய்க்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை நாகவல்லி அத்தை வீட்டில் ஒரு பெட்டை ஆடு சாய்ந்தது. அத்தை வீதியில் நின்று மகன் சின்னக்கருப்பைக் கூவி அழைத்தாள். அவன் வலது கையில் துணி சுற்றி வந்தான். "முள்ளுக் குத்துனதுக்குப் போயி இம்புட்டுக் கட்டா? எமன் முந்திருவான், வெரசா வாடா" என்று அத்தை கத்தியைக் கையில் திணித்ததை அழகி பார்த்தாள். அவன் இடது கையால்தான் அறுத்தான். துணிக்குள் முழங்கை வரை வீங்கியிருந்தது. அதைத் தாயிடம் அவன் காட்டவில்லை.

புதன்கிழமை காய்ச்சல். வீக்கம் தோளுக்கு ஏறியது. பச்சிலை அரைத்துக் கட்டினார்கள். தண்ணீர் கேட்டான், கொடுத்தால் இறங்கவில்லை. வியாழக்கிழமை விடியுமுன் கருத்தையா வண்டி பூட்டிக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். கோவிலூர் மடத்துக்குப் பக்கத்தில் வரும்போது, கருத்தையாவின் மடியில் கிடந்த தலை கனத்தது. அங்கேயே வண்டியைத் திருப்பினார்கள்.

அந்த வாரம் யாரும் சந்தைக்குப் போகவில்லை. இவர்கள் பட்டியில் மேலும் இரண்டு விழுந்தன. கருத்தையா கத்தியை எடுக்கவில்லை. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

சேதி கேட்டு டாக்டர் மறுபடி வந்தார். ஆளுயரக் குழி வெட்டச் சொல்லி, செத்ததைத் தோலோடு தள்ளி, சுண்ணாம்பு கொட்டி மூடினார். மிச்ச ஆடுகளுக்கு ஊசி போட்டார். சந்தைச் சீட்டைத் திரும்ப வாங்கி நாலாகக் கிழித்தார். பிறகு இழவு வீட்டு வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இது அடைப்பான். ஆட்டிலிருந்து மனிதனுக்கு வரும். கத்தி வைத்து, தோலுரிக்கிற கையில் புண்ணிருந்தால் அது வழியாக ஏறும். இனிமேல் சாய்ந்த ஆட்டில் யாரும் கத்தி வைக்கக்கூடாது."

எந்த ஆட்டிலிருந்து என்று அவர் சொல்லவில்லை. அழகியின் நோட்டை மட்டும் கேட்டு வாங்கி, இந்தத் தரம் ஓரத்தையும் படித்தார். படித்து முடித்து வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்றைக்கு என் வண்டியில் மருந்து இருந்தது" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, நோட்டை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருக்கலாம் என்று அழகிக்குத் தோன்றியது. அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானம் பட்டியில் கருத்தையா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தாடி முளைத்திருந்தது.

"அந்தத் தாளக் கிழிச்சிரு."

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அயித்த நெனப்புல அவனுக்கு நோவு குடுத்தது அவுக ஆடு. திங்கக்கெழம அறுத்தது. அப்படியே இருந்துட்டுப் போகட்டும். தெரிஞ்சா நம்ம வாசப்படி மிதிப்பாகளா? ஆத்தா இந்தத் தெருவுல நடக்க முடியுமா?"

"அயித்த சோறு திங்கலண்ணே. அவுகதான் கத்தியக் குடுத்தாகளாம். அதையே சொல்லிச் சொல்லித் தலையில அடிச்சுக்கிறாக."

"நாலு நாள் அடிச்சுக்குவாக. நம்ம ஆயுசுக்கும் அடிச்சுக்கணும், பாத்துக்க."

சொல்லிவிட்டு எழுந்து போனான். அழகி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தின் மேல் விரலை ஓட்டினாள். இழுத்தால் வந்துவிடும். தையல் தளர்ந்துதான் இருந்தது. 'மச்சான் உரித்தார்' என்ற எழுத்தில் மசி கொஞ்சம் கலைந்து, அவளுடைய கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. அவனைப் பற்றி இந்த உலகத்தில் எழுதியிருப்பது அந்த ஒரு வரிதான். அதைக் கிழிக்கவும் கை வரவில்லை, வைத்திருக்கவும் நெஞ்சு தாங்கவில்லை.

வேலிப் படலை யாரோ திறந்தார்கள். நாகவல்லி அத்தை. எட்டு நாளில் எட்டு வருஷம் கழிந்த மாதிரி முகம். ஆடுகள் விலகி வழிவிட்டன. அத்தை வந்து அழகியின் எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டரு உன் நோட்ட வாங்கி அம்புட்டு நேரம் பாத்தாராம்ல."

"ஆமா அயித்த."

"ஊருல எல்லாரும் விதின்னு சொல்றாக. விதியாவது மண்ணாவது. ஒரு கொப்புளம் வந்திருந்துச்சாமே அவன் கையில, அது எப்ப வந்துச்சுன்னுகூட எனக்குத் தெரியல. பெத்தவளுக்குத் தெரியல பாரு. அவன் பாட்டுக்கு வயக்காட்டுல இருந்தான். நாந்தான் கூப்புட்டேன். கட்டுப்போட்ட கையப் பாத்தும் கத்தியக் குடுத்தேன்." அத்தை தன்னுடைய இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தாள். "ராத்திரி கண்ண மூடுனா அந்தக் கத்திதான் வருது. கொன்னது நானா, இல்ல வேற எதுவுமா, அது மட்டும் தெரிஞ்சா, அழுதாச்சும் தீத்துக்குவேன்."

அழகியின் கை நோட்டின் மேல் இறுகியது. வேலிக்கு அந்தப் பக்கம் கருத்தையா தண்ணீர்க் குடத்தோடு நின்றுவிட்டதை அவள் பார்த்தாள். வேண்டாம் என்று அவன் தலையை ஆட்டினான்.

அத்தை நோட்டின் மேல் விரலை வைத்தாள். எழுத்துத் தெரியாத விரல் அது. சரியாக எந்த வரியின் மேல் வைத்திருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது.

"நீ ஒண்ணு விடாம எழுதி வப்பேன்னு அவன் சொல்லுவான். அவன் எந்த ஆட்டுல எந்தக் கெழம கை வச்சான், எல்லாம் இதுல இருக்கும்ல? இருக்குற மாதிரியே வாசிச்சுச் சொல்லு, தாயி."