பாதி தைத்த உடுப்புகள்

“தூசியெல்லாம் துணியில விழுது. முதல்ல கீழ இறங்கு” என்று நாத்தனார் கத்தியபோது, அவள் ஸ்டூலின் மேல் நின்று மின்விசிறியின் இரண்டாவது இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஃபேன் துடைக்காமலே கிறிஸ்துமஸ் கொண்டாடச் சொல்றீங்களா?”

“ஊர்ப் பிள்ளைங்களோட புதுத்துணி இது. அதுல உன் வீட்டு ஒட்டடை வேணாம்.”

உன் வீட்டு ஒட்டடையாம். கல்யாணமாகி அவள் இந்த வீட்டுக்குள் வந்த அன்றைக்கே முன்னறையில் தையல் மெஷினும் இருந்தது, அதன் பின்னால் கணவனின் விதவை அக்காவும் இருந்தாள். சபையில் பாதிப் பேருக்குப் பண்டிகை உடுப்பு அந்த மெஷினிலிருந்துதான் போகும். டெய்லர் அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். இந்த ஒரு வாரத்தில் மட்டும் அந்த அறையில் யுத்தம். மரம் வைக்க, விருந்தாட்களை உட்காரவைக்க, ஜெபம் செய்ய இருப்பது அந்த ஓர் அறைதான். அதில் கால் வைக்க இடமில்லாமல் கவுனும் சட்டையுமாகக் குவிந்து கிடக்கும்.

அவள் இறங்கினாள். “நாளைக்குள்ள இந்த மூட்டையெல்லாம் இங்கேருந்து போகணும். இல்லேன்னா நானே தூக்கித் தெருவுல வைப்பேன், சொல்லிட்டேன்.”

நாத்தனார் உதடுகளுக்கிடையில் குண்டூசிகளைக் கவ்வியபடி “ம்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஊசிகளை எடுத்துவிட்டு, “ஏம்மா, கொஞ்சம் வெந்நீர் வச்சுத் தாயேன். நெஞ்சுல என்னவோ நிக்குது. வாயுவா இருக்கும்” என்றாள்.

“காலைலேருந்து வெறும் வயித்தோட குனிஞ்சு உக்காந்திருந்தா வாயு வராம வேற என்ன வரும்?”

அடுப்பில் தண்ணீரை வைத்தாள். அது கொதிப்பதற்குள் கேக்குக்கு முட்டையை அடித்துவிடலாம் என்று கிண்ணத்தை எடுத்தாள். மாவையும் ஊறவைத்த உலர்பழங்களையும் போட்டுக் கிளறினாள். ஊறவைத்திருந்த திரைச்சீலைகள் நினைவுக்கு வர, பின்கட்டுக்கு ஓடி அலசிப் பிழிந்துவிட்டு வந்தாள். கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க வருகிறேன் என்ற ஆள் இன்றைக்கும் வரவில்லை. அவனை மனதுக்குள் திட்டிக்கொண்டே டம்ளரில் வெந்நீரை ஊற்றி எடுத்துப்போனாள்.

நாத்தனார் துணிமூட்டையின் மேல் பக்கவாட்டில் சாய்ந்திருந்தாள். ஒரு கால் இன்னும் மெஷினின் மிதியில் இருந்தது. வாயில் மறுபடியும் குண்டூசிகள்.

“அக்கா, வெந்நீர்.”

விழுங்கிவிடப் போகிறாளே என்றுதான் முதலில் தோன்றியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். நாத்தனாரின் மணிக்கட்டில் கட்டியிருந்த சின்னப் பஞ்சுத் திண்டில் அவற்றைக் குத்தினாள். கடைசி ஊசியை உருவியபோதுதான், அந்த உதடுகள் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்பது விரலுக்குப் புரிந்தது.

டாக்டர் வந்தார், போனார். பஸ் ஓட்டப் போயிருந்த கணவன் யூனிபார்மோடு வந்து வாசலிலேயே நின்றான்.

“காலைல நல்லாத்தானே இருந்தா? காலர் மடிஞ்சு கிடக்கு, இப்படியா வெளிய போவேன்னு என்னைத் திட்டினாளே” என்றான். காலரைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

உடலைக் கிடத்த முன்னறையில் இடம் வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் மூட்டைகளை வாரிச் சமையலறையில் போட்டார்கள். ஒரு வாரமாக அவள் மன்றாடியும் காலியாகாத அறை சொடக்குப் போடும் நேரத்தில் காலியானது. அவள் திரும்பிக்கொண்டாள்.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், வாசலைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். எதிர்வீட்டு டீச்சர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

“செத்த நேரம் உக்காரும்மா. அக்கா கடைசியா ஏதாவது பேசினாங்களா?”

“வெந்நீர் கேட்டாங்க” என்றாள். அதற்கு முன் மூட்டைகளுக்காகச் சண்டை போட்டதைச் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். மேலே துடைத்த இறக்கைகளோடு துடைக்காத இறக்கையும் சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் கேக் மாவு ஞாபகம் வந்தது. எழுந்து போய்க் கிண்ணத்தைப் பார்த்தாள். கொட்டிவிடலாம் என்று தூக்கினாள். மனசு வரவில்லை. அடுப்பில் வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அழுகைச் சத்தத்துக்கு நடுவே வீடு முழுக்கக் கேக் வாசனை பரவியது. ஒரு கிழவர் மூக்கை உறிஞ்சி, பிறகு தன்னைத்தானே அதட்டிக்கொள்வதுபோல இருமினார்.

போதகர் வந்து ஜெபித்தார். “நாளைக்கே அடக்க ஆராதனையை வச்சிடலாம்மா. அதுக்கப்புறம் ஆலயத்துல பண்டிகை வேலை நெருக்கும்” என்றார். வாசல் வரை போனவர் செருப்பை மாட்டாமல் நின்றார்.

“என்னங்கய்யா?”

“ஒண்ணுமில்ல. கர்த்தர் ஆறுதல் தருவார்.” மறுபடி நின்றார். “இல்ல... இந்த நேரத்துல கேக்கக்கூடாது. புது அங்கி ஒண்ணு அக்காகிட்ட...”

“உங்களுதுமா?” என்று அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

ஆரம்பித்து வைத்தவர் போதகர். அவர் கேட்ட தைரியத்தில் டீச்சர் அவளைத் தனியே கூப்பிட்டாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, “தப்பா நினைக்காதம்மா, சின்னவளோட கவுன், கை மட்டும்தான் பாக்கின்னு அக்கா சொன்னாங்க” என்றாள்.

“அவங்க இன்னும் வீட்டுலதான் இருக்காங்க டீச்சர்.”

சத்தம் பெரிதாகத்தான் வந்துவிட்டது. டீச்சர் முகம் சுண்டிப்போய்த் திரும்பி, சவப்பெட்டியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். விடிய விடிய அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர்களுக்குக் கொடுக்க வீட்டில் வேறொன்றும் இல்லை. டீயோடு கேக்கை வெட்டிக் கொடுத்தாள். சாப்பிட்டார்கள். ஆனால் பெண்கள் யாரும் கிளம்பவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். அவளுக்குப் புரிந்தது. மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து முன்னறையின் நடுவில் பிரித்துப் போட்டாள்.

“எது யாருதுன்னு எனக்குத் தெரியாது. அவங்க எல்லாத்தையும் மண்டையிலதான் வச்சிருந்தாங்க. நீங்களே பாத்து எடுத்துக்கங்க. டீச்சர், நீங்க முதல்ல வாங்க.”

டீச்சர் தயங்கினாள். “நேத்து நான்...”

“வாங்க.”

சுற்றி உட்கார்ந்து தேடினார்கள். “பூப்போட்டது என்னோடது”, “இது என் மருமகனுக்கு, பாரு, தொப்பைக்கு எவ்வளவு தாராளமா விட்டிருக்காங்க.” யாரோ சிரித்தார்கள். சிரித்தவளே அழுதாள். பட்டன் இல்லாத சட்டை, கழுத்து மடிக்காத கவுன், கை ஒன்று வைத்து ஒன்று வைக்காதது. எல்லாவற்றிலும் வெள்ளை நூலில் எட்டி எட்டிப் போட்ட தற்காலிகத் தையல். தனக்குத் தெரிந்ததைத் தானே தைத்துக்கொள்வதாகச் சொல்லி ஒவ்வொருவராகப் போனார்கள்.

எல்லோரும் போனபின் தரையில் ஒரே ஒரு துணி மிச்சமிருந்தது. பச்சை நிறம். கடையில் மடித்துக் கொடுத்த மடிப்புக்கூடக் கலையவில்லை. அவள் தன் பண்டிகை உடுப்புக்காக நாத்தனாரிடம் கொடுத்திருந்த துணி.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. உள்ளேயிருந்து கணவன் பதறி ஓடிவந்தான்.

“என்ன ஆச்சு?”

“வெட்டக்கூட இல்லைங்க. ஊருக்கெல்லாம் தைச்சிட்டு, எனக்கு வெட்டக்கூட இல்ல.”

“என்னைக்குதான் நேரத்துக்குக் குடுத்திருக்கா? கோயில் மணி அடிக்கிறப்பத்தானே உன் முதுகுல கொக்கி தைச்சுக்கிட்டிருப்பா. ‘ஆடாம நில்லும்மா’ன்னு...”

அவன் அதை முடிக்கவில்லை. மெஷினின் முன்னால் இருந்த முக்காலியில் போய் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டான். அவள் சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் தோளில் கை வைத்தபடி நின்றாள். பிறகு மெதுவாக, “மரம் வேண்டாம், விருந்து வேண்டாம். கோயிலுக்கு மட்டும் போயிட்டு வருவோம்” என்றாள்.

கிறிஸ்துமஸ் காலையில் ஆலயத்தில் கூட்டம் வழிந்தது. அவள் பழைய உடுப்பில் பின்வரிசையில் நின்றாள். பாட்டு ஆரம்பித்தது. அப்போதுதான் அவள் கவனித்தாள். டீச்சரின் சின்ன மகளுக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. ஒருவருடைய சட்டையில் பட்டன் இருக்கவேண்டிய இடங்களில் வரிசையாக ஊக்குகள். போதகர் ஆசீர்வதிக்கக் கைகளை உயர்த்தினார். புது அங்கியின் ஓரமெல்லாம் வெள்ளை நூல் எட்டி எட்டித் தெரிந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வெள்ளை நூல். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அவளுக்கு முன்னால் நின்ற பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் ஒரு நூல் நீளமாகத் தொங்கியது. கை தானாக நீண்டு அதன் நுனியைப் பிடித்துவிட்டது. இழுத்தால் மொத்தமும் பிரிந்துவிடும். அவள் இழுக்கவில்லை. நூலைச் சுருட்டி, ஒரு விரலால் காலருக்குள் செருகினாள்.

அந்தப் பெண் திரும்பவில்லை. பாடிக்கொண்டே, செருகுவதற்கு வசதியாகத் தலையை மட்டும் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.