பழைய கதை கேட்க வந்தவள்

1

செல்லத்தாய்க்கு வர வேண்டிய பாக்கி ஆயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். இந்தக் கதை பிறந்தது அந்தப் பாக்கியில்தான். கற்பனை என்று என்மேல் பழி போட்டுவிடாதீர்கள்.

எங்கள் நூலகத்துச் சுவரில் மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை ஒட்டுகிறார்கள். நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் சத்யப்பிரியா, "நீங்களும் ஒண்ணு எழுதிக் குடுங்கண்ணா" என்றாள். எனக்கு எழுத்து வந்தது நாற்பது வயதுக்கு மேல். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடும். அதனால் தப்பாய்ப் போன வரிகளையும் அடிக்க மாட்டேன். அவையும் நான் பாடுபட்டவைதானே.

2

முதல் தொடக்கம்: "நொய்யலாற்றங்கரையில் சூரியன் மெல்ல..."

(வேண்டாம். நொய்யலை எழுதினால் சாயத்தண்ணீரை எழுத வேண்டும். நான் வேலை பார்ப்பதோ சாயப்பட்டறையில்.)

இரண்டாம் தொடக்கம்: "முதலிபாளையம் போகும் வழியில் ஒரு நூலகம். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை அங்கே உள்ளூர் வரலாறு பற்றிப் பேச்சு. இலவசம். யார் வேண்டுமானாலும் வரலாம்."

இது பரவாயில்லை. நோட்டீசில் இருந்ததைப் பார்த்து எழுதியதுதான், ஆனாலும் பரவாயில்லை.

3

2003-இல் நூலகத்துக்கு அடுத்த தெருவில் எட்டு மெஷின் போட்டு ஒருவர் பனியன் கம்பெனி நடத்தினார். செல்லத்தாய்க்கு அங்கே செக்கிங் வேலை.* கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கப் போனால் கதவில் பூட்டு. ஆளையும் காணோம்.

நான்கு வருடம் கழித்து, மழைக்கு ஒதுங்கி நூலகத்து வாசலில் நின்றாள். உள்ளே மைக்கில், "நாமெல்லாம் இப்பக் குடியிருக்கற எடம் ஒரு காலத்துல சோளக்காடுங்க" என்றது ஒரு குரல். அதே குரல்தான், அடுத்த வாரம் தருகிறேன் என்று ஆறு வாரம் சொன்னது. எட்டிப் பார்த்தாள். அவரேதான்.

பேச்சு முடிந்தது. நாற்காலிகளுக்குள் புகுந்து இவள் முன்னால் போவதற்குள், "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று அவர் வெள்ளகோவில் பஸ் ஏறிவிட்டார். அதிலிருந்து முதல் ஞாயிறு தவறாமல் செல்லத்தாய் முன்வரிசை. அவளுக்கு வரலாற்றில் எவ்வளவு ஆர்வம் என்று சத்யப்பிரியா பூரித்துப்போனாள்.

* தைத்து வந்த துணியில் ஓட்டையும் கறையும் தேடுவதுதான் செக்கிங். நாள் முழுக்கக் குறை மட்டுமே பார்த்துப் பழகிய கண். அதை அவர் மறந்துவிட்டார்.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். பேச்சாளரைப் பொல்லாதவராகக் காட்ட எண்ணி உட்கார்ந்தேன், முடியவில்லை. மனிதர் அவ்வளவு அழகாகப் பேசுகிறார். நானே இரண்டு தடவை கை தட்டிவிட்டேன். மீசையாவது இருந்தால் முறுக்கிவிட்டிருப்பேன். அதுவும் இல்லை. ஆகையால்...

(தூங்கிவிட்டேன். என்ன எழுத வந்தேன் என்று மறந்துவிட்டது.)

5

கேள்வி நேரம்.

"வரலாறு பத்தின கேள்வி மட்டுந்தானுங்க கேக்கோணும்" என்றாள் சத்யப்பிரியா.

செல்லத்தாய் எழுந்தாள். மைக்கைக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றாள். அவள் குரலுக்கு அது தேவையில்லை.

"அண்ணாச்சி, அடுத்த தெருவுல எட்டு மெஷின் போட்டு ஒரு கம்பெனி இருந்துச்சே. அது வரலாத்துல சேருமா?"

பேச்சாளர் தண்ணீர் குடித்தார். "அது சின்னதுங்க அம்மிணி. வரலாறுங்கற அளவுக்கு இல்லீங்க."

"எப்ப மூடினாக?"

"ரெண்டாயிரத்து மூணுங்களா..."

"என்ன கெழமை?"

"சனிக்கெழமை!" என்று பின்வரிசை கத்தியது. அங்கே உட்கார்ந்திருந்த எல்லோரும் ஒரு தடவையாவது பூட்டைப் பார்த்தவர்கள்.

"ஏனுங்க அம்மிணி, அதெல்லாம் பழைய கதைங்க. இப்ப எதுக்குங்க அது?"

"பழைய கதை பேசத்தான அண்ணாச்சி நோட்டீசு அடிச்சுக் கூப்பிட்டிருக்கீக?"

சிரிப்பில் ஃபேன் சத்தம் கேட்கவில்லை. பேச்சாளர் சத்யப்பிரியாவைப் பார்த்தார். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"கேள்வி வரலாறு பத்தித்தானுங்க இருக்குது. நீங்க பதில் சொல்லிருங்க."

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றார் பேச்சாளர்.

6

முடிவு, முதல் வகை: "பேச்சாளர் கண் கலங்கினார். பையிலிருந்து ஆயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாயை எடுத்துக் கொடுத்தார்."

எழுத்தில் கொடுப்பதற்கு எனக்கென்ன செலவு? டீக்கடையில் வைத்துச் செல்லத்தாய்க்கு வாசித்துக் காட்டினேன். அவள் பாய்ந்தாள்.

"உங்களுக்குக் கூறு இருக்காண்ணே? குடுத்ததா எழுதிச் செவுத்துல ஒட்டிட்டீகன்னா, 'குடுத்தாச்சுங்க, எழுதியே ஒட்டியிருக்குதுங்களே'ம்பாரு. நான் யார்கிட்டப் போய் நிப்பேன்?"

(மேலே உள்ள முடிவு செல்லாது. பணம் வரவில்லை. படிப்பவர்கள் யாரும் சாட்சிக்கு வர வேண்டாம்.)

இரண்டாம் வகை: "செல்லத்தாய் பெருந்தன்மையோடு கடனைத் தள்ளுபடி செய்தாள்."

"பெருந்தன்மையா? எங்காசுலயாண்ணே உங்க பெருந்தன்மை?"

இதுவும் செல்லாது.

7

கடைசியில் முடிவே இல்லாமல் கதையைச் சுவரில் ஒட்டினோம். பேச்சாளரின் முழுப்பெயரை இன்ஷியலோடு போட்டிருந்தேன். அடியில் அரைப் பக்கம் காலி.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு அவர் வந்தபோது சுவரைச் சுற்றிக் கூட்டம். எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பெயர் வரும் இடத்தில் மட்டும் எல்லோரும் சேர்ந்து படித்தார்கள். அவர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏனுங்ண்ணா, கதைன்னா வேற பேரு வெச்சுத்தான எழுதுவாங்க?"

"முடிவு வரட்டுங்க. வந்தா மாத்திரலாமுங்க."

அவர் பஸ் நிறுத்தம் இருக்கும் திசையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு முன்வரிசைக்குப் போய்ப் பணத்தை நீட்டினார். செல்லத்தாய் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினாள். சரியாக இருந்தது. முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

"இருங்கக்கா, பேச்சு இப்பத்தானுங்க ஆரம்பிக்குது" என்றாள் சத்யப்பிரியா.

"எனக்கு வரலாறு முடிஞ்சு போச்சு தாயி. மிச்சத்தை நீங்க கேளுங்க."

8

நீங்கள் இப்போது படித்தது இரண்டாவது பிரதி. இதில் அவரைப் பேச்சாளர் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். பெயர் இல்லாமல் கதை நொண்டுகிறதென்றால், உங்களுக்குப் பிடித்த பெயர் ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய சொந்தப் பெயரை மட்டும் வைத்துவிடாதீர்கள். அதை எடுப்பதற்கு மனிதர் முழுப் பணமும் கட்டிவிட்டார்.