மங்கம்மா வீட்டு டுரியான் மசோதா

லுக்குட் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டக் குடியிருப்புச் சங்கம், பஸ் பிடித்துக் கோலாலம்பூர் போய் நாடாளுமன்றத்தைப் பார்த்துவிட்டு வந்தது. அன்றைக்குப் பிடித்தது சனி. சங்கத் தலைவர் சிவானந்தன், ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி, மறுவாரமே சபாநாயகர் ஆகிவிட்டார். வீட்டு வரிசைக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து மக்களவை அமைத்தார். யாருக்கும் வேண்டாத என்னையும் இராஜமாணிக்கத்தையும் மேலவையில் போட்டார்.

மேலவைக்கு என்ன அதிகாரம் தெரியுமா? மக்களவை அனுப்பும் மசோதாவை ஒழிக்க முடியாது, தாமதப்படுத்தலாம். அதை இராஜமாணிக்கம் தூங்கியே செய்துவிடுவார். அப்புறம் எனக்கு என்ன வேலை?

அந்த நேரத்தில்தான் மங்கம்மா வந்தாள். தனிக்கட்டை. அவள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சங்கத்து டுரியான் மரம், மழையில் வேர் பெயர்ந்து, அவள் படுக்கும் அறைக்கு நேர் மேலே சாய்ந்துவிட்டது. வெட்டிவிடுங்கள் என்று கேட்டாள். பழைய சங்கமாக இருந்தால் ஒரே மத்தியானத்தில் முடிந்திருக்கும். இப்போது முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, குழுநிலை, மூன்றாம் வாசிப்பு. பழக்காலம் வேறு வந்துவிட்டது. பலாப்பழம்போல முள்ளும் கனமுமான அந்த மரத்துப் பழத்தின் ருசி உறுப்பினர்கள் எல்லாருக்கும் தெரியும். விவாதம் இழுத்துக்கொண்டே போனது.

மங்கம்மா வாயைத் திறந்தாலே, "பார்வையாளர் பேசக்கூடாது" என்றார் சபாநாயகர்.

பிறகு இன்னொரு சிக்கல். மாமன்னர், மேலவை, மக்களவை மூன்றும் சேர்ந்தால்தான் நாடாளுமன்றமாம். மாமன்னர் இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. எந்தப் பக்கமும் சேராமல், வாதாடாமல், வந்த மசோதாவில் கையெழுத்துப் போட வேண்டுமே, நம் ஆட்களால் முடிகிற காரியமா?

"மங்கம்மா அக்காவப் போடுங்கலா. அவங்களதான் நாம பேசவே விடலயே" என்றான் மூன்றாம் வரிசை உறுப்பினன் தர்மேந்திரன். வெட்கம்கெட்ட பயல். எல்லாரும் கைதட்டினார்கள். அதே சூட்டில் பழக்காலம் முடியும்வரை விவாதத்தை ஒத்திவைக்கப் பார்த்தார்கள்.

புது நாற்காலியில் இருந்து மங்கம்மா கேட்டாள்: "சார், அடுத்த கூட்டத்த யாரு கூட்டணும்?"

"நீங்கள்தான் கூட்டவேணும். அது உங்கட அதிகாரம்" என்றார் சிவானந்தன்.

"எங்க கூட்டணும்?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். "நீங்கள் சொல்லுற இடத்தில."

"அப்போ நாளைக்கே என் படுக்கற ரூம்ல கூட்டுறேன்லா."

மறுநாள் சாயங்காலம் இரண்டு அவைகளும் அந்தச் சின்ன அறையில் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தன. காற்று எழுந்தது. மேலே மரம் முனகியது. தகரக் கூரையில் தடாரென்று ஒரு டுரியான் விழுந்தது. முதல் வாசிப்பு முடிந்தது. இன்னொன்று விழுந்தது. இரண்டாம் வாசிப்பும் மூன்றாம் வாசிப்பும் ஒரே மூச்சில் முடிந்தன. மேலவையில் இராஜமாணிக்கம் பதறி விழித்து இரண்டு கைகளையும் தூக்கினார். நானும் தூக்கினேன். என் உயிர் எனக்கு வெல்லம்தானே.

"மங்கம்மா, கெதியாக் கையெழுத்துப் போடுங்கோ" என்று சொல்லியபடியே சபாநாயகர் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"எத்தன நாளுக்குள்ள போடணும் சார்?"

"சட்டப்படி முப்பது நாள் இருக்கு. ஆனா..."

மங்கம்மா கதவைச் சாத்தினாள். அதன் முன்னால் பாயை விரித்து உட்கார்ந்தாள்.

"அப்ப என்னா அவசரம்? உக்காருங்க. நான் இத்தன நாளும் இதுக்குக் கீழதான் படுத்துக் கெடந்தேன்."