பெல்ட் மறைத்த துளை

எழுந்தேன். நெருப்பு மூட்டினேன். தகரக் குவளையில் காப்பி கொதித்தது. கல்லாய் இறுகிய ரொட்டியை அதில் ஊறவைத்துத் தின்றேன். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காரில் வைத்துப் பூட்டினேன். நீலக் கோட்டைப் போட்டு, அதன்மேல் பெல்ட்டை இறுக்கினேன். கோட்டைத் தைத்தவள் என் மனைவி டெலியா. போன குளிர்காலத்தில் இறந்துபோனாள்.

பழைய அமெரிக்க உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் எங்கள் பென்சில்வேனியப் படையில் ஒரே விதி: கையால் தைக்காத சீருடை களத்தில் இறங்கக் கூடாது. சோதிப்பவர் புருட்ஸ். வாரநாளில் பல் டாக்டர், இங்கே சார்ஜண்ட்.

மேட்டுக்கு அப்பால் முரசு தொடங்கிவிட்டது. இந்தக் கோட்டுக்கு இது முதல் சண்டை. ஆவலில் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

புருட்ஸ் விலாத் தையலில் விரலை ஓட்டினார்.

"ஏம்பா ஆர்லன், இது மெஷின் தையல். மனுஷக் கை இவ்வளவு நேரா ஓடாது."

"டெலியா கை ஓடும், சார்ஜண்ட்."

அவர் குரலைத் தணித்தார். தையலின் பின்பக்கம் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். அதற்கு உள்துணியை அறுக்க வேண்டும். மனமில்லையென்றால் இரவல் கோட்டு தருவதாகச் சொன்னார். அவள் போட்ட நூலை அறுப்பதா, அவள் கோட்டைக் காரில் போட்டுவிட்டுப் போவதா?

"சீக்கிரம்ப்பா, எதிரி சாப்பிடப் போயிடுவான்" என்றான் வரிசையில் ஒருவன்.

பெல்ட்டைக் கழற்றினேன். கோட்டின் உள்பக்கத்தை வெளியே திருப்பி, பேனாக்கத்தியால் ஒரு விரல் அகலம் அறுத்தேன். ஒவ்வொரு தையலும் முந்தின தையலின்மேல் பாதி ஏறிக் கிடந்தது. மெஷினுக்கு அது வராது. புருட்ஸ் விசிலடித்தார். வரிசை முழுக்கத் தொப்பிகளைத் தூக்கி ஆட்டியது.

அவசரமாகக் கோட்டை மாட்டினேன். பெல்ட் இல்லாததால் இடுப்பருகே இருந்த கடைசிப் பொத்தான் துளை அவர் கண்ணில் பட்டுவிட்டது. கோணல். முடிச்சு முடிச்சாக நூல்.

"அட, இதை முதல்லயே காட்டியிருந்தா அறுத்தே இருக்க வேணாமேப்பா. எந்த மெஷின் இப்படித் தைக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குள் பீரங்கி முழங்கியது. பெல்ட்டை இறுக்கிக்கொண்டு ஓடினேன். புகைக்குள் தோளோடு தோள் இடிக்க, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு மேட்டில் ஏறினோம். விலாவில் அறுத்த உள்துணி உரசியது. ஏன் காட்டவில்லை என்று புருட்ஸ் ஓடிக்கொண்டே கேட்டார்.

போன குளிர்காலத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தத் துளையை முடித்து, ஊசியை என்னிடம் கொடுத்துவிட்டு டெலியா பேசினாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

"கடைசித் துளை கோணலாப் போச்சு. பெல்ட்டால மூடிக்கோ. அந்தப் பல் டாக்டர்கிட்ட மட்டும் காட்டிடாத."